பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பிளாஸ்டிக் புல்: போடலாமா, வேண்டாமா?

மேடவாக்கம்_முரளி | மே 4, இரவு 9:52

வணக்கம். எங்கள் அடுக்ககத்தில் 84 வீடுகள். பின்பக்கம் ஏறக்குறைய 2,200 சதுர அடியில் பிள்ளைகள் விளையாடும் இடம். ஒரு வேப்பமரம், ஒரு புங்கை, இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம். ஏழு வருடம் முன்னால் பில்டர் கொரியன் புல் பதித்துக் கொடுத்தார். இப்போது ஓரத்தில் மட்டும்தான் புல், நடுவில் வெறும் செம்மண். மழைக்காலத்தில் அந்தச் செம்மண் லிஃப்ட் வரை வந்துவிடுகிறது என்று வாட்ஸ்அப் குழுவில் வருடா வருடம் சண்டை.

இந்த முறை அசோசியேஷன் பொருளாளர் ஒரு முடிவோடு வந்திருக்கிறார். மண்ணைச் சுரண்டிவிட்டு மூன்று அங்குலம் கான்கிரீட், அதன் மேல் 35 மில்லிமீட்டர் செயற்கைப் புல். அப்படியே லாபி, காரிடார் முழுக்க பிவிசி பேனலில் ஃபால்ஸ் சீலிங். இரண்டும் சேர்த்து ஆறரை லட்சத்துக்கு கொட்டேஷன். தண்ணீர் வேண்டாம், தோட்டக்காரர் வேண்டாம், சேறு கிடையாது என்கிறார். 2019-இல் லாரித் தண்ணீருக்கு நாங்கள் கொட்டிய காசை நினைத்தால் அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது.

வீட்டில் என் மனைவிக்கு இஷ்டமில்லை. குழுவிலோ 'செயற்கைப் புல்லால் புற்றுநோய்' என்று நாலைந்து ஃபார்வர்ட் வந்துவிட்டது. 25-ஆம் தேதி பொதுக்குழு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பயமுறுத்தலும் வேண்டாம், விளம்பரமும் வேண்டாம்.

கோவை_டர்ஃப்_சரவணன் | மே 4, இரவு 11:20

நான் இரண்டு பாக்ஸ் டர்ஃப் (சுற்றிலும் வலை கட்டி, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானம்) நடத்துகிறேன். அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள் சார்.

முதலில் இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். கால்பந்து, பாக்ஸ் கிரிக்கெட்டுக்குப் போடுவது 40, 50 மில்லிமீட்டர் உயரப் புல். அதற்குள் முதலில் சிலிக்கா மணல், அப்புறம் கருப்பு ரப்பர் குருணை கொட்டி நிரப்புவோம். டயரை அரைத்த குருணை. பந்து எகிறுவதும், விழுந்தால் அடி படாமல் இருப்பதும் அதனால்தான். உங்களுக்குக் கொட்டேஷன் கொடுத்திருப்பது 'லான்' புல். அதில் ரப்பர் கிடையாது, மிஞ்சிப்போனால் மணல் தூவுவார்கள். புற்றுநோய் ஃபார்வர்ட் எல்லாம் அந்தக் கருப்புக் குருணையைப் பற்றியது. உங்கள் விஷயத்துக்கு அது பொருந்தாது.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் டர்ஃபில் காலை எட்டுக்கு அப்புறம் மாலை ஐந்து வரை புக்கிங்கே கிடையாது. பாதி விலைக்குக் கொடுத்தாலும் பையன்கள் வருவதில்லை. ஏன் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

பென்சீன்_பாலா | மே 5, காலை 7:05

சரவணன் சரியாகப் பிரித்துச் சொல்லிவிட்டார். அந்தக் குருணை விஷயத்தை நான் கொஞ்சம் விரிக்கிறேன். ரசாயனப் பொறியாளன், ஓய்வு பெற்றாகிவிட்டது, நேரம் நிறைய இருக்கிறது.

ஒரு முழு அளவு கால்பந்து மைதானத்துக்குக் கொட்டும் ரப்பர் குருணை நூறு டன்னைத் தாண்டும். கிட்டத்தட்ட 20,000 டயர். டயரில் துத்தநாகம் இருக்கிறது, கார்பன் பிளாக் இருக்கிறது, பல வளைய ஹைட்ரோகார்பன்கள் இருக்கின்றன. இவற்றில் சில புற்றுநோய் தரக்கூடியவை, அதில் சந்தேகமில்லை. பொருளில் விஷம் இருப்பதும் அது உடம்புக்குள் போவதும் ஒன்றா என்பதுதான் கேள்வி.

2014-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஏமி கிரிஃபின் என்ற கால்பந்துப் பயிற்சியாளர், புற்றுநோய் வந்த வீரர்களின் பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். அதில் கோல்கீப்பர்கள் அதிகம். விழுந்து புரள்கிறவர்கள் அவர்கள்தானே. தொலைக்காட்சியில் வந்து பெரிய பரபரப்பானது. அந்த மாநிலச் சுகாதாரத் துறை பட்டியலை எடுத்து ஆராய்ந்து 2017-இல் சொன்னது: அந்த வயதில் அத்தனை ஆட்டக்காரர்களில் எத்தனை பேருக்கு வரும் என்று கணக்கிட்டார்களோ, அதைவிடக் குறைவாகத்தான் பட்டியலில் இருந்தார்கள். நெதர்லாந்தின் பொதுச் சுகாதார நிறுவனமும் 2016-இல் ஆபத்து மிகமிகச் சொற்பம் என்றது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024-இல் கொடுத்த அறிக்கையும் ஏறக்குறைய அதே திசைதான்: ரசாயனம் இருக்கிறது, உள்ளே போவது குறைவு.

ஆக, 'புல்லால் புற்றுநோய்' என்று நிரூபணம் இல்லை. அதை ஆயுதமாக எடுத்துக்கொண்டு பொதுக்குழுவுக்குப் போனால் முரளி தோற்றுவிடுவார்.

ஆனால் இரண்டு 'ஆனால்' உண்டு. ஒன்று, அவை அந்த நாட்டுக் குருணையைச் சோதித்துச் சொன்னவை. ஐரோப்பாவில் 2022 ஆகஸ்டிலிருந்து குருணையில் அந்தப் பல வளைய ஹைட்ரோகார்பன்களில் எட்டு வகை மொத்தம் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சரவணன் வாங்கும் மூட்டையில் எவ்வளவு என்று அவருக்குத் தெரியுமா?

இரண்டாவது, குருணை மைதானத்தில் உட்கார்ந்திருக்காது. ஷூவிலும் சாக்ஸிலும் மழைநீரிலும் கிளம்பிப் போய்விடும். ஐரோப்பாவில் வேண்டுமென்றே சேர்க்கும் நுண்பிளாஸ்டிக்கில் சுற்றுச்சூழலுக்குப் போவது எதிலிருந்து அதிகம் என்று பார்த்தால், முதலிடம் இந்தக் குருணைக்குத்தான். வருடத்துக்கு 16,000 டன் வரை என்பது அவர்கள் மதிப்பீடு. அதனால்தான் 2023-இல் சட்டம் கொண்டுவந்து, 2031 அக்டோபரோடு விற்பனையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

கோவை_டர்ஃப்_சரவணன் | மே 5, காலை 9:41

தெரியாது பாலா சார். மூட்டையில் சப்ளையர் பெயர்கூட இருக்காது. இன்று கேட்டுப் பார்க்கிறேன்.

கிளம்பிப் போவது உண்மை. வருடத்துக்கு ஒரு முறையாவது குருணை வாங்கி டாப்-அப் செய்கிறேன். எங்கே போகிறது என்று யோசித்ததே இல்லை. என் மனைவி மட்டும் வாஷிங் மெஷின் ஃபில்டரைக் கொண்டுவந்து காட்டித் திட்டுவாள்.

எல்லாமே_கெமிக்கல் | மே 5, மதியம் 1:15

தண்ணீரும் கெமிக்கல்தான், உப்பும் கெமிக்கல்தான். பிளாஸ்டிக் என்றாலே அலறுவது இப்போது ஃபேஷனாகிவிட்டது. எங்கள் பழைய வீட்டில் பாத்ரூம் மரக்கதவு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அடிப்பக்கம் அழுகும், மீதியைக் கரையான் தின்னும். பிவிசி கதவு வந்து அந்தத் தொல்லை ஒழிந்தது. ஜிஐ பைப் துருப்பிடித்து அடைத்துக்கொண்ட காலத்தை மறந்துவிட்டோம். அவ்வளவு ஏன், பிளாஸ்டிக்கில் ரோடு போட்டுக் காட்டி பத்மஸ்ரீ வாங்கியதே நம் மதுரைக்காரர்தானே?

பொறியாளர்_நந்தினி | மே 5, மதியம் 3:30

கதவு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். குளியலறைக் கதவு, கழிவுநீர்க் குழாய், மின்சார கான்டியூட் எல்லாவற்றிலும் பிவிசி நல்ல பொருள்தான். நான் 14 வருடமாகக் கட்டுமானத்தில் இருக்கிறேன், தினமும் போடுகிறேன். எந்த இடத்தில் போடுகிறோம் என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

முரளி சார், காரிடார் சீலிங்கைப் பற்றி யாருமே பேசவில்லை. எனக்குப் புல்லைவிட அதுதான் கவலை. தீ பிடித்தால் ஆட்கள் தப்பி ஓடும் வழி காரிடார். அதன் தலைக்கு மேல் முழு நீளத்துக்கு பிவிசி. அந்த பேனலுக்கும் ஸ்லாபுக்கும் நடுவில் என்ன ஓடும்? ஒயர். வழக்கமாக ஷார்ட் சர்க்யூட் ஆகும் இடம்.

பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின், ஏறக்குறைய 57 சதவீதம். அதனால் சுலபமாகப் பற்றாது, நெருப்பை எடுத்தால் தானாகவே அணைந்தும் விடும். கடைக்காரர் லைட்டரைக் காட்டி 'பாருங்க மேடம், எரியவே இல்லை' என்பார். பொய் இல்லை. ஆனால் பக்கத்தில் வேறு ஏதாவது எரிந்து சூடு ஏறினால் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். கண்ணில் பட்டால் கண்ணைத் திறக்க முடியாது, மூச்சில் போனால் நுரையீரலின் ஈரத்தில் கரைந்து அமிலமாகிவிடும். தீ விபத்தில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது புகை.

1996-இல் ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் விமான நிலையத்தில் மேலே சாலையில் நடந்த வெல்டிங் வேலையின் பொறி, கூரைக்குள் இருந்த பாலிஸ்டைரீனில் பற்றியது. நம் தெர்மோகோல்தான். 17 பேர் இறந்தார்கள். லண்டன் கிரென்ஃபெல் டவரில் 2017 ஜூன் 14 அன்று 72 பேர். அங்கே கட்டடத்தின் வெளியே ஒட்டியிருந்தது அலுமினியத் தகடு, நடுவில் பாலிஎதிலீன். நம் ஊர் ஷோரூம் முகப்பெல்லாம் ஏசிபி ஷீட்தான், அதுவும் இதே மாதிரி அலுமினியக் கூட்டுத் தகடு. நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குகிறவர் எத்தனை பேர்?

கும்பகோணத்தில் 2004-இல் 94 பிள்ளைகளை இழந்த பிறகு பள்ளிகளில் கூரைக் கொட்டகையை எடுத்தோம். கீற்று எரியும் என்று நமக்குத் தெரியும், அதனால் எடுத்தோம். வெள்ளையாக, பளபளப்பாக இருப்பதைப் பார்த்தால் அந்த எச்சரிக்கை நமக்கு வருவதில்லை.

மேடவாக்கம்_முரளி | மே 5, இரவு 8:18

நந்தினி மேடம், சீலிங்கை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. புல்தான் பிரச்சினை, சீலிங் வெறும் அழகுச் சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன். மாற்று என்ன?

பொறியாளர்_நந்தினி | மே 5, இரவு 9:02

மாற்றே வேண்டாம். ஸ்லாபுக்கு வெள்ளை அடியுங்கள். அசிங்கமாகத் தெரிகிற ஒயரை உலோக டிரேயில் ஒழுங்காக ஓட விடுங்கள். சீலிங் இருந்தே ஆக வேண்டும் என்றால் ஜிப்சம் போர்டு. ஜிப்சத்துக்குள் தண்ணீர் கட்டுண்டு இருக்கிறது, சூடானால் அது ஆவியாகித் தீயைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும். ஒழுகும் இடத்தில் மட்டும் போடாதீர்கள், ஊறி விழுந்துவிடும்.

ஒயர் மாற்றும்போது எலக்ட்ரீஷியனிடம் 'எஃப்ஆர்' (சுலபமாகத் தீ பரவாத வகை) போதும் என்று விட்டுவிடாதீர்கள். 'எஃப்ஆர்எல்எஸ்' புகை குறைந்தது. அதற்கும் மேலே ஹாலஜன் (குளோரின் குடும்பத் தனிமங்கள்) இல்லாத ஒயர் கிடைக்கிறது. காரிடாருக்கும் படிக்கட்டுக்கும் அதைக் கேளுங்கள்.

குடிதண்ணீர் குழாய் என்றால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். பிவிசி சூட்டில் சிதையாமல் இருக்க முன்பு ஈய உப்பு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 2021-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் குழாய், ஃபிட்டிங்குகளில் ஈயத்தை நீக்கச் சொல்லி விதிகள் கொண்டுவந்துவிட்டது. கால்சியம்-துத்தநாகம் போன்ற மாற்று இருக்கிறது. அந்த விதி குழாய்க்கு. சீலிங் பேனலில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டால் சப்ளையர் பிரோஷரை நீட்டுவார், அதில் நிறப் பட்டியல்தான் இருக்கும்.

இன்னொன்று. வேலை நடக்கும்போது வெட்டி விழுந்த பேனல் துண்டுகளைச் சாயங்காலம் மூலையில் குவித்துக் கொளுத்துவார்கள். நான் எத்தனையோ சைட்டில் கத்தியிருக்கிறேன். பிவிசியை அப்படி அரைகுறையாக எரித்தால் டயாக்சின் என்ற கொடிய நச்சு வரும். யார் வேலை எடுத்தாலும் வெட்டுத் துண்டைத் திரும்ப எடுத்துப் போகவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

பென்சீன்_பாலா | மே 6, காலை 6:50

பிளாஸ்டிக் ரோடு பற்றிக் கேட்டவருக்கு. தியாகராசர் பொறியியல் கல்லூரி ஆர். வாசுதேவன் முறை எனக்குப் பிடித்த வேலைகளில் ஒன்று. ஆனால் அதை நீங்கள் இழுத்திருக்கவே கூடாது, ஏனென்றால் அது என் பக்கம் சாட்சி சொல்லும். சூடான ஜல்லியின் மேல் துண்டு பிளாஸ்டிக்கைத் தூவினால் அது இளகிப் பூச்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும். எரிய விடுவதில்லை, 170 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை. அதில் பிவிசியைச் சேர்க்கக் கூடாது என்பது அடிப்படை விதி. நந்தினி சொன்ன அதே அமிலப் புகைதான் காரணம். பிளாஸ்டிக்கை நன்றாகத் தெரிந்தவர் முதலில் செய்தது எதைச் சேர்க்கக் கூடாது என்று ஒதுக்கியதுதான்.

பிவிசி பிறக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மூலப்பொருள் வினைல் குளோரைடு வாயு. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பட்டியலில் இருப்பது. 2023 பிப்ரவரியில் ஓஹாயோ மாநிலம் கிழக்கு பாலஸ்தீனில் சரக்கு ரயில் தடம் புரண்டபோது ஐந்து டாங்கர் நிறைய இருந்தது அதுதான். வெடித்துவிடுமோ என்று பயந்து திறந்துவிட்டு எரித்தார்கள். கரும்புகை ஊர் மேல் எழுந்த படம் நினைவிருக்கும். நம் பக்கத்தில் மேட்டூரிலும் கடலூரிலும் பிவிசி ஆலைகள் இருக்கின்றன. சீலிங்காக மாறிய பிறகு அந்த வாயு உங்களை ஒன்றும் செய்யாது. ஆனால் ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர் கணக்கும் அந்தச் சதுர அடி விலையில் சேர வேண்டும் அல்லவா?

கரிசல்_ஹாக்கி | மே 6, இரவு 10:10

கோவில்பட்டியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் கட்டை பிடிக்கத் தெரியாத பையன் கிடையாது. ஹாக்கி மட்டையைத்தான் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செயற்கைப் புல் ஒரு விளையாட்டின் தலையெழுத்தையே மாற்றியதற்கு ஹாக்கிதான் சாட்சி. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாக அதைப் போட்டார்கள். அதுவரை பதக்கம் இல்லாமல் திரும்பியறியாத இந்தியா ஏழாவது இடம். 1980-இல் மாஸ்கோவில் தங்கம் வாங்கினோம், அத்தோடு சரி. எல்லாப் பழியையும் புல்லின் மேல் போட மாட்டேன், நிர்வாகக் கூத்தும் சேர்ந்ததுதான். ஆனால் மண்ணில் பந்து துள்ளும், நிறுத்தி, உருட்டி, ஏமாற்றி ஆடவேண்டும். டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், மூச்சும் வேகமும் வேண்டும். மண்ணில் பழகிய கைக்கு அது வேறு விளையாட்டு.

அதிலும் கொடுமை தண்ணீர். ஹாக்கி டர்ஃபில் குருணை போடுவதில்லை, தண்ணீர் பாய்ச்சித்தான் ஆடுவார்கள். கரிசல் காட்டில் குடத்தோடு குழாயடியில் நிற்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மேட்ச்சுக்கு முன்னால் பிளாஸ்டிக்குக்கு ஸ்பிரிங்ளரில் அபிஷேகம் நடக்கும். சின்ன வயதில் எனக்கு அது புரிந்ததே இல்லை. 'புல் வாடிருமா சார்?' என்று கேட்டு ஒரு கொட்டு வாங்கியிருக்கிறேன்.

சர்வதேசக் கூட்டமைப்பே இப்போது தண்ணீர் இல்லாத டர்ஃபை நோக்கிப் போகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போட்டது தண்ணீர் குறைவாகக் கேட்கும் வகை. அதே வகையை அதற்கு முந்தைய வருடமே எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபிக்குப் போட்டுவிட்டார்கள். நாரின் பெரும்பகுதி கரும்பிலிருந்து எடுத்த பாலிஎதிலீன் என்று பெருமையாகச் சொன்னார்கள். கரும்பிலிருந்து வந்தாலும் பாலிஎதிலீன் பாலிஎதிலீன்தானே பாலா சார்? மட்குமா?

பென்சீன்_பாலா | மே 6, இரவு 10:31

மட்காது தம்பி. பெட்ரோலுக்குப் பதில் கரும்பு, அவ்வளவுதான் மாற்றம். வந்து சேரும் பொருள் ஒன்றே.

ஸ்கார்பரோ_வாணி | மே 7, அதிகாலை 4:12

கனடாவில இருந்து எழுதுறன். இங்கே எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒருவர் நாய்க்காக பிளாஸ்டிக் புல் போட்டார். கோடையில் ஒரு பக்கம் மட்டும் கோடு கோடாக உருகிச் சுருண்டு போனது. விற்றவரோடு சண்டை பிடித்துப் பிறகுதான் காரணம் தெரிந்தது: அடுத்த வீட்டுக் கண்ணாடி. சூடு உள்ளே வராமல் திருப்பி அனுப்பும் பூச்சுப் போட்ட ஜன்னல், வெயிலைக் குவித்து இவர் புல்லில் விழுத்தியிருக்கிறது. உங்கள் பக்கமும் இப்போது அப்படியான கண்ணாடிக் கட்டடங்கள்தானே, கவனியுங்கோ.

2015-இல் பெண்கள் உலகக் கிண்ணக் கால்பந்து இங்கே முழுக்க செயற்கைப் புல்லில்தான் நடந்தது. ஆண்களுக்கு ஒருநாளும் அப்படிக் கொடுக்கவில்லை என்று வீராங்கனைகள் முறைப்பாடு வைத்தார்கள். சிட்னி லெரூ தன் இரண்டு கால்களும் தோல் உரிந்து இரத்தமாயிருந்த படத்தை வெளியிட்டதை என் மகள் இன்றைக்கும் சொல்லுவாள். சறுக்கி விழுந்தால் மண் சிராய்ப்பு வேறு, இந்தப் புல்லின் சிராய்ப்பு வேறு. இது சுட்டுத் தீய்க்கும்.

வியாசை_விங்கர் | மே 7, மாலை 6:45

எல்லோரும் ரசாயனம் பேசுகிறீர்கள். நான் வியாசர்பாடிக்காரன், எனக்கு வேறு ஒரு கணக்கு.

மண் கிரவுண்டு யாருக்கும் சொந்தம். பள்ளி விட்டதும் பையைக் கோல்போஸ்டாக வைத்து இருட்டும் வரை ஆடுவோம். டர்ஃப் போட்டதும் முதலில் வருவது வேலி, அடுத்தது பூட்டு, மூன்றாவது ரேட் கார்டு. பல லட்சம் போட்டவர் சும்மா விடுவாரா? 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் என்று தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நல்லது. ஆனால் மண்ணாகவே இருந்திருந்தால் அந்த யோசனை யாருக்காவது வந்திருக்குமா?

உங்கள் அடுக்ககத்திலும் பாருங்கள் முரளி அண்ணா. இரண்டு லட்சத்துக்கு மேல் போட்டுப் புல் விரித்ததும் 'சைக்கிள் ஓட்டாதே, குச்சி நடாதே, தண்ணி ஊத்தாதே, வாட்ச்மேன் பசங்களை உள்ளே விடாதே' என்று போர்டு வரும்.

மேடவாக்கம்_முரளி | மே 10, மாலை 5:37

போர்டு மேட்டரை அச்சடித்த மாதிரி சொல்லிவிட்டீர்கள் தம்பி. வரைவு அறிவிப்பு ஏற்கெனவே தயார்.

நான் ஒரு வேலை செய்தேன். கான்ட்ராக்டர் சாம்பிளாக இரண்டுக்கு இரண்டு அடித் துண்டு ஒன்று கொடுத்திருந்தார். கையில் தடவினால் நிஜமாகவே மெத்து மெத்தென்று இருக்கிறது, குறை சொல்ல முடியாது. அதை மைதானத்தை ஒட்டிய கான்கிரீட் நடைபாதையில் வெயிலில் போட்டேன். கத்திரி வெயில், மதியம் இரண்டேகால், ஃபோனில் 39 டிகிரி. வீட்டில் கொரோனா காலத்து நெற்றி தெர்மாமீட்டர் இருந்ததே என்று நீட்டினேன். 43-க்கு மேல் அதற்குத் தெரியாது, 'ஹை' என்று காட்டிச் சிவப்பாகிவிட்டது. அப்புறம் ஏசி மெக்கானிக்கிடம் துப்பாக்கி மாதிரி ஒன்று வாங்கி வந்தேன்.

செயற்கைப் புல் துண்டு: 66 டிகிரி.
நடைபாதை பேவர் கல்: 54.
வெயிலில் வெறும் செம்மண்: 51.
ஓரத்தில் மிச்சமிருக்கும் கொரியன் புல், அதே வெயிலில்: 41.
வேப்பமரத்தடி மண்: 34.

துண்டின் மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். 35-க்கு இறங்கியது. ஆகா என்று டீ குடித்துவிட்டு இருபது நிமிடம் கழித்து வந்தால் 58.

நான் எதிர்பார்க்காதது செம்மண். அதுவும் 51. அப்போது மண்ணை மட்டும் புனிதமாகப் பேசுவதும் தப்புதானே?

பென்சீன்_பாலா | மே 10, இரவு 7:20

அருமையான வேலை முரளி. நீங்கள் இப்போது செய்ததை 2002-இல் அமெரிக்காவின் ப்ரிகம் யங் பல்கலைக்கழகத்தில் தங்கள் விளையாட்டு மைதானத்தில் செய்தார்கள். காற்றின் சூடு 37 டிகிரி இருந்த நாளில் செயற்கைப் புல் 93 டிகிரி வரை போனது. 79 டிகிரி இருந்தபோது தண்ணீர் பாய்ச்சினார்கள், 29-க்கு விழுந்தது. ஐந்தே நிமிடத்தில் 49. இருபது நிமிடத்தில் 73. உங்கள் வாளிக் கணக்கும் அதே கதைதான்.

நிஜப் புல் வியர்க்கும், அதனால் குளிரும். பிளாஸ்டிக் வியர்க்காது. மண் காய்ந்தால் அதுவும் வியர்க்காது, அதனால்தான் உங்கள் செம்மண் 51. ஆனால் பட்டியலில் கடைசி வரியைப் பாருங்கள். மரத்தடிதான் 34.

பொறியாளர்_நந்தினி | மே 10, இரவு 8:05

அந்தக் கடைசி வரிதான் என் பயமும். மூன்று அங்குலக் கான்கிரீட் போட்டால் வேப்பமரமும் புங்கையும் என்னாகும்? வேரைச் சுற்றி மூடிவிட்டால் இரண்டு மூன்று வருடத்தில் நுனிக்கிளை காய ஆரம்பிக்கும். அப்புறம் அடுத்த காற்றில் சாயும், 'ஆபத்தான மரம்' என்று வெட்டுவார்கள். நிழலும் போயிற்று.

மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லிருந்து கட்டாயம். உங்கள் இடத்தில் மழை தானாக இறங்கும் ஒரே திறந்த மண் இதுதான் என்று நினைக்கிறேன். அதையும் சிமென்டால் மூடிவிட்டுப் பக்கத்தில் உறைகிணறு தோண்டச் சொல்லி இன்னொரு கொட்டேஷன் வாங்குவார்கள்.

பச்சையாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது சார்? புல்வெளி நம் வழக்கமே இல்லையே. என் அம்மாச்சி வீட்டு முற்றம் செம்மண், சாணி தெளித்துப் பெருக்கியது, அதில்தான் நாங்கள் வளர்ந்தோம். பில்டர் பிரோஷரில் லான் படம் போட்டார், அது காய்ந்தது, காய்ந்ததற்கு மாற்றாக லானின் பிளாஸ்டிக் படத்தை வாங்குகிறோம்.

எல்லாமே_கெமிக்கல் | மே 10, இரவு 9:48

சாணி தெளித்த முற்றம் எல்லாம் கதைக்கு நன்றாக இருக்கும். மண்ணில் பூனை கழியும், கொக்கிப்புழு வரும், மழை பெய்தால் லிஃப்டில் சேறு. முரளி சார் வீட்டுப் பிரச்சினைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சேறுதான் அவருடைய பிரச்சினை.

பொறியாளர்_நந்தினி | மே 10, இரவு 10:15

கேள்வி நியாயம். சேறு வருவதற்குக் காரணம் வடிகால் இல்லாதது. மேல் ஒன்பது அங்குலத்தை எடுத்துவிட்டு, கீழே நாலு அங்குலம் 20 எம்எம் ஜல்லி, மேலே ஐந்து அங்குலம் கழுவிய ஆற்று மணல் அல்லது எம்-சாண்ட் அல்லாத உருண்டை மணல். எம்-சாண்ட் முனை கூராக இருக்கும், முழங்கால் கிழியும். மரத்தைச் சுற்றி ஆறடிக்குத் தோண்டாதீர்கள், வேர் இருக்கும். வாசலில் பத்தடிக்கு கடப்பா கல் பாதை, அதன் முடிவில் கால் கழுவக் குழாய். லிஃப்டுக்கு முன்னால் தேங்காய் நார் மிதியடி பெரிதாக இரண்டு. மணல் ஒட்டாது, உதறினால் போய்விடும். பூனைக்கு ராத்திரி வலை மூடவேண்டியதுதான், அதில் தப்பிக்க வழியில்லை. மாதம் ஒருமுறை மணலைக் கிளறிவிடவும் வேண்டும். வெயில் படும் பாதியில் இன்னும் இரண்டு புங்கை வையுங்கள், நாலு வருடம் பொறுக்கவேண்டும்.

கொட்டேஷனில் பாதிகூட ஆகாது.

மேடவாக்கம்_முரளி | மே 26, காலை 10:03

பொதுக்குழு முடிந்தது. புற்றுநோய் என்ற வார்த்தையையே நான் எடுக்கவில்லை, பாலா சார். சாம்பிள் துண்டையும் வெப்பமானித் துப்பாக்கியையும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்தேன். பொருளாளரையே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்னேன். மூன்று விநாடி. அவரும் சிரித்துவிட்டார்.

புல் ரத்து. மணல் திட்டத்துக்கு 41 ஆதரவு, 17 எதிர்ப்பு. சீலிங்கில்தான் தோற்றேன். லாபியில் பிவிசி போட்டே தீர்வோம் என்று முடிவாகிவிட்டது, ஏற்கெனவே முன்பணம் கொடுத்தாயிற்றாம். காரிடாரிலும் படிக்கட்டிலும் மட்டும் போடுவதில்லை என்று நந்தினி மேடம் எழுதியதை வாசித்துக் காட்டி நிறுத்தினேன். வெட்டுத் துண்டு விஷயமும் ஒப்பந்தத்தில் ஏறிவிட்டது.

கோவை_டர்ஃப்_சரவணன் | மே 26, இரவு 11:40

வாழ்த்துகள் சார். உங்கள் இழையால் எனக்கு ஒரு செலவு வந்தது.

சப்ளையரிடம் சோதனை அறிக்கை கேட்டேன். 'இதுவரை யாருமே கேட்டதில்லையே' என்றார். அடுத்த லோடு தேங்காய் நார்த் தூளும் கார்க்கும் கலந்த நிரப்பி போடலாமா என்று பார்க்கிறேன். பொள்ளாச்சி பக்கத்தில் இருக்கிறது, நார்த் தூளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது ஈரமாகவே இருக்கவேண்டும், காய்ந்தால் பறக்கும் என்கிறார்கள். தண்ணீர்க் கணக்கு போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அதுவரைக்கும் கேட்டுக்கு உள்ளே இரும்புக் கிராதி போட்டு, அதன் கீழே ஒரு தட்டு வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பிரஷ். பையன்கள் ஷூவைத் தட்டிவிட்டுத்தான் வெளியே போகவேண்டும். மழைநீர் வடிகால் வாயில் வலைப்பையும் கட்டியாயிற்று. பதினைந்து நாளில் இரண்டிலும் சேர்ந்து முக்கால் வாளி குருணை. இத்தனை வருடமாக இது முழுக்க பின்னால் இருக்கும் வாய்க்காலுக்குத்தான் போயிருக்கிறது.

இந்த வாளியை என்ன செய்வது? மாநகராட்சி வண்டியில் போடலாமா?

பென்சீன்_பாலா | மே 27, காலை 6:30

போடாதீர்கள். சல்லடையில் சலித்து முடியையும் இலையையும் எடுத்துவிட்டு, வந்த இடத்திலேயே திரும்பக் கொட்டுங்கள்.